வினாகிரி மணக்கிற அலுமாரியும் 500 வருசப் பிலிமும்

போன மாரிக்குக் கொஞ்சம் முதல் ஒரு காலமை, திருகோணமலையில எங்கட ஒபிஸ் ரெக்கோட் ரூம் கதவைத் திறந்த உடன பக்கத்து மேசை அக்கா "ஆர் இஞ்ச அச்சாறுப் போத்தலை உடைச்சது" எண்டு சத்தம் போட்டா. ஒருத்தரும் ஒண்டும் உடைக்கேல்ல. நான் மோந்து மோந்து போய் மூலையில நிக்கிற இரும்பு அலுமாரியைத் திறந்தா முகத்தில அடிச்ச மாதிரி வினாகிரி. மேல்தட்டு டின் ஒண்டைத் திறந்து பாத்தன். சுருள் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு, ஓரமெல்லாம் வெள்ளையா மா தூவின மாதிரி ஏதோ பூத்துக் கிடக்கு.

உள்ளுக்குள்ள இருக்கிறது மைக்ரோபிலிம், பக்கம் பக்கமாச் சின்னதாப் படம் பிடிச்சு வைக்கிற பிலிம். 35 மில்லிமீற்றர், 100 அடிச் சுருள், மொத்தம் 61 டின். எழுபதுகளில ஆரோ கொழும்பில இருந்து கமராவும் லைற்றும் கொண்டுவந்து நாள்கணக்கா இருந்து பிடிச்சுக் குடுத்தது எண்டு பென்சன் போன ஐயா ஒராள் சொல்லுவார். பழைய காணி உறுதிப் பதிவுகள், கல்யாணப் பதிவுகள், வரவுசெலவு ஏடுகள். கடதாசியில இருந்த மூலத்தில பாதி கறையான் தின்டு, மிச்சத்தில பாதி சண்டைக்குள்ள இடம்மாறி இடம்மாறித் துலைஞ்சு போச்சு. கனக்கப் பதிவுக்கு இப்ப இந்தப் பிலிம் மட்டும்தான். ஆரும் தாத்தாட காணிக்கு உறுதி தேடி வந்தா நாங்க இந்த அலுமாரியைத்தான் திறக்கோணும்.

அந்த மணத்துக்கு ஒரு பேர் இருக்கு, வினாகிரி நோய் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அந்தக் காலப் பிலிமின்ர அடித்தாள் செலுலோஸ் அசிற்றேற்று. அதுக்கு முதல் வந்த நைத்திரேற்றுப் பிலிம் தீப்பிடிக்கும், அதால இதைப் "பாதுகாப்புப் பிலிம்" எண்டு சொல்லித்தான் வித்தவை. நெருப்புக்குப் பாதுகாப்பு சரி, சூட்டுக்கும் ஈரத்துக்கும் இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்தா அதுக்குள்ள இருந்து அசற்றிக் அமிலம் விடுபடும், விடுபட்ட அமிலமே பேந்து மிச்சத்தையும் அரிக்கும், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆரும் ஒண்டும் செய்யாமலே தன்ர பாட்டில வேகம் பிடிச்சு ஓடும். அடித்தாள் சுருங்கும், மேல இருக்கிற படப்படை சுருங்காது, அதால நெளியும். வெள்ளையாப் பூக்கிறது பிலிம் வளையவெண்டு உள்ள கலந்திருந்த இளக்கிப் பொருள் வெளியில வாறது. 21 பாகைச் சூடு, 50 வீத ஈரப்பதம் எண்ட நல்ல அறையிலயே புதுப் பிலிம் ஏறத்தாழ 40 வருசத்தில மணக்கத் தொடங்கும் எண்டு படமும் பிலிமும் எவ்வளவு காலம் தாங்கும் எண்டு ஆராயிற, அமெரிக்காவில ரொச்செஸ்டரில இருக்கிற இமேஜ் பேர்மனன்ஸ் இன்ஸ்ரிரியூட் கணக்குப் போட்டு வைச்சிருக்கு. எங்கட ஊரில சராசரியே 28 பாகை. டச்சுக்குடாவில இருந்து கல்லெறி தூரத்தில இரும்பு அலுமாரி. அது இவ்வளவு காலம் தாங்கினதே கோணேசர் கிருபை.

முதல் வேலை எது கெட்டது எது நல்லது எண்டு பிரிக்கிறது. இதுக்கு ஒரு லேசான வழி இருக்கு. சுருளைக் கையில எடுத்துப் பக்கவாட்டால ஜன்னல் வெளிச்சத்துக்கு நேர பிடிக்கோணும். பொலியெஸ்டர் அடித்தாள் எண்டா சுருளுக்கு ஊடாகவே வெளிச்சம் மங்கலாக் கசியும், அசிற்றேற்று எண்டா கல்லு மாதிரி அடைச்சுக்கொண்டு நிக்கும். 61இல 44 கல்லு. பேந்து ஏ-டி ஸ்ரிப் எண்டு ஒரு கடதாசித் துண்டு, அந்த இன்ஸ்ரிரியூட்காரரே கண்டுபிடிச்சது, சினிமாப் பிலிமுக்கும் உதவுது எண்டு ஒஸ்கார்காரர் அதுக்கு ஒரு தொழினுட்ப விருதே குடுத்தவை. டின்னுக்குள்ள ஒரு நாள் போட்டு மூடி வைச்சா நீலத் துண்டு அமிலத்துக்குத் தக்க மாதிரிப் பச்சையாகி மஞ்சளாகும். எங்கட 44இல 19 மஞ்சள் பக்கம் போட்டுது. மணக்கிற டின்னை நல்ல டின்னோட வைச்சா நல்லதும் கெடும், அழுகின மாம்பழக் கதைதான், அதால அண்டைக்கே பிரிச்சு வேற அறைக்குக் கொண்டுபோட்டன்.

மீட்டிங்கில சேர் கேட்ட முதல் கேள்வி எல்லாரும் கேக்கிற கேள்விதான். "இந்தக் காலத்தில ஆர் தம்பி பிலிம் வாங்கிறது, ஸ்கேன் பண்ணி ஹார்ட் டிஸ்கில போட்டா முடிஞ்சுதே?" ஸ்கேன் பண்ணத்தான் வேணும், நான் அதுக்கு மறுப்பில்லை, ஆக்கள் வந்து பாக்கிறதுக்கு அதுதான் சுகம். ஆனா டிஸ்க் ஒண்டு அஞ்சாறு வருசம் ஓடினா நல்ல டிஸ்க். ரேப்பில வைப்பம் எண்டாலும் எல்ரிஓ எண்ட கொம்பியூட்டர் ரேப்பில எட்டாம் தலைமுறை மெசின் ஏழாம் தலைமுறை ரேப்பைத்தான் வாசிக்கும், ஆறைக் குடுத்தா வாசிக்காது. எண்டா அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆரோ ஒராள் காசு ஒதுக்கி, ஞாபகம் வைச்சு, எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக்கொண்டே இருக்கோணும். எங்கட ஒபிசில சுவர் மணிக்கூட்டுக்குப் பற்றரி மாத்தவே மூண்டு மாதம் போகும்.

நான் சேருக்குச் சொன்னது கோட்டை வாசல் கதை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ள போகேக்க மான் எல்லாம் நிக்கும், எல்லாரும் மானைப் பாத்துக்கொண்டு போயிடுவினம், வாசல் நிலையில இருக்கிற கல்லைப் பாக்கிறவை குறைவு. பறங்கியர் (போர்த்துக்கேயர்) 1620களில கோணேசர் கோயிலை இடிச்ச கல்லில கோட்டை கட்டினவை, அதில ரெண்டு மீனும் "முன்னே குளக்கோட்டன்" எண்டு தொடங்கிற எழுத்தும் உள்ள கல்லு அப்பிடியே நிலையில நிக்குது. பாதி எழுத்து இல்லை, ஆனா இருக்கிற பாதியை வாசிக்க ஒரு சொவ்ட்வெயாரும் தேவையில்லை, கண் காணும். மைக்ரோபிலிமும் அந்தச் சாதிதான், ஒரு வெளிச்சமும் ஒரு வில்லையும் இருந்தாக் காணும். சேர் கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு "சரி கொட்டேசன் எடு" எண்டார்.

கொட்டேசன் எடுத்த கதை தனிக் கதை. பிலிம் எண்டு சொன்னா ஒண்டு இல்லை, மூண்டு சாதி இருக்கு, எங்களுக்கு வித்த ஆள் அந்த மூண்டையும் ஒண்டு எண்டு நினைச்சாரோ, இல்லை எங்களை அப்பிடி நினைக்க வைக்கப் பாத்தாரோ தெரியேல்ல. (பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.) அவர் அனுப்பினது டயசோ பிலிம். விலை மற்றதில மூண்டில ஒண்டு. "ஐயா இது நூறு வருசம் போகும்" எண்டு போனில சொன்னார். நூறு வருசம் எண்டது பொய்யில்லை, இருட்டில வைச்சாப் போகும். டயசோவில படம் சாயத்தில இருக்கு, அமோனியாவில டெவலப் ஆகும், ரீடர் வெளிச்சத்தில வைச்சு வைச்சுப் பாக்கச் சாயம் வெளிறும். வாசிப்புக் கொப்பிக்கு அருமையான சாமான், மூலத்துக்குப் பதிலா வைக்க ஏலாது. இன்னொண்டு வெசிக்குலர், சின்னச் சின்னக் குமிழாலதான் படம் உருவாகும், சூட்டிலயே டெவலப் ஆகும், அதிகச் சூடு பட்டாப் படமும் போகும். அதில பழைய ரகம் சிலது ஐதரோகுளோரிக் அமிலம் கக்கி அலுமாரியையே துருப்பிடிக்க வைச்சிருக்கு. எங்களுக்கு ஏற்கெனவே ஒரு அமிலம் காணும்.

மூலத்துக்கு மாற்றா வைக்கிறது எண்டா சில்வர் ஜெலற்றின் பிலிம் (இதில படம் வெள்ளியில இருக்கு), பொலியெஸ்டர் அடித்தாள், கறுப்பு வெள்ளை. இதில பேச்சுக்கு இடமில்லை. கொடக்கோ அக்ஃபாவோ எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கிறது என்ர கணக்கில இரண்டாம் பட்சம், ரெண்டிலயும் தரமான மைக்ரோபிலிம் வந்திருக்கு. பெட்டியில "எல்ஈ 500" (எதிர்பாக்கிற ஆயுள் 500 வருசம்) எண்டு இருக்கோ எண்டு பாக்கோணும். முந்தி "ஆர்க்கைவல்" எண்டு எழுதுவினம், அந்தச் சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லத் தொடங்கினதால தரநிலை எழுதிறவை அதைக் கைவிட்டுப்போட்டு, எத்தினை வருசம் எதிர்பாக்கலாம் எண்டு இலக்கத்தில எழுத வைச்சவை. 500 எண்டது உத்தரவாதக் கார்ட் இல்லை, சரியாக் கழுவி, சரியான சூட்டிலயும் ஈரத்திலயும் வைச்சா எண்ட நிபந்தனையோட வாற இலக்கம். வித்தவர் முதல் பாதியை மட்டும் சொல்லுவார்.

இடைக்கிட யோசிச்சாச் சிரிப்பும் வருது, இந்தச் சாமான் ஐந்நூறு வருசம் வைக்கவெண்டே பிறக்கேல்ல. 1920களில நியூயோர்க் வங்கிக்காரர் ஜோர்ஜ் மக்கார்த்தி எண்டவர் காசோலைகளைக் கையால பதியிற கரைச்சலுக்குப் படம்பிடிக்கிற மெசின் செய்தார், கொடக் அதை வாங்கி 1928இல ரெக்கோடாக் எண்ட கொம்பனி தொடங்கினது. வங்கிக் காசோலைக்கு வந்தது பிறகு நூலகத்துக்குள்ள பூந்திட்டுது. தமிழுக்கு அது செய்த உதவி கொஞ்சமில்லை, சென்னையில ரோஜா முத்தையா நூலகம் எவ்வளவு பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பிலிமில ஏத்தி வைச்சிருக்கு. யாழ்ப்பாண நூலகத்தில 1981இல எரிஞ்ச 97,000 புத்தகத்துக்கு இப்பிடி வேற ஊரில ஒரு அலுமாரி இருந்திருந்தா எண்டு நினைக்காத நாளில்லை.

சரி, கழுவுற கதைக்கு வருவம், நான் இந்தப் பதிவு எழுத வந்ததே இதுக்குத்தான்.

எங்கட ஊரில "படம் கழுவுறது" எண்டு சொல்லுவம். ஸ்ரூடியோவில போய் "அண்ணை பிலிம் கழுவக் குடுத்தனான், வந்திட்டுதோ" எண்டு கேட்டு வளந்த ஆக்கள் நாங்க. டெவலப் பண்ணிறதை ஏன் கழுவுறது எண்டு சொன்னவை எண்டு எனக்கு இந்த வருசம்தான் விளங்கினது. டெவலப் பண்ணி, ஹைப்போ எண்ட கரைசலில போட்டு நிலைப்படுத்தின பிறகு அந்த ஹைப்போ முழுக்கப் போகும்வரை கழுவோணும். மிச்சம் இருந்தா அதில இருக்கிற கந்தகம் மெல்ல மெல்ல வெள்ளியைத் தின்டு படம் மஞ்சளாகி மங்கிப் போகும். எல்ஈ 500 பிலிமில எச்ச ஹைப்போ சதுர மீற்றருக்கு 0.014 கிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு தரநிலை, அளக்கிறது மெதிலீன் நீலச் சோதனை, கழுவி ரெண்டு கிழமைக்குள்ள செய்யோணும். வித்தவரிட்ட அந்தச் சோதனை றிப்போட் கேட்டன். "என்ன நீலம்?" எண்டார்.

டயசோவைத் திருப்பி அனுப்பின பிறகு அவர் சில்வர் பிலிமில மாதிரிச் சுருள் ஒண்டு செய்து அனுப்பினார். பாக்கச் சோக்கா இருந்தது, எழுத்தெல்லாம் கத்தி மாதிரி. எனக்கு மனம் கேக்கேல்ல. முந்தி ரவுனில ஸ்ரூடியோ வைச்சிருந்த அண்ணை ஒராள், இப்ப எழுபது தாண்டியிட்டுது, உவர்மலையில இருக்கிறார், அவரிட்டக் கொண்டு போனன். அவர் கண்ணாடியைப் போட்டு, பிலிமை நெறிச்சுப் பாத்து, "தம்பி, பழைய முறை ஒண்டு இருக்கு" எண்டு எழும்பினார். வெள்ளி நைத்திரேற்று கொஞ்சம், தண்ணி, அதுக்குள்ள அசற்றிக் அமிலம். நான் "அண்ணை, இதுக்குள்ளயும் வினாகிரியோ" எண்டு கேட்க, "அதை விட்டா உனக்கு வேற சாமான் தெரியாது போல" எண்டார். பிலிமின்ர தலைப்பில படம் இல்லாத வெறுந்துண்டில ஒரு துளி. ரெண்டு நிமிசம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருந்து ஒற்றி எடுத்தார். நல்லாக் கழுவின பிலிம் எண்டாக் கறை கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரித்தான் இருக்கும். இதில பால் விடாத தேத்தண்ணி நிறத்தில வட்டமா ஒரு கறை. அண்ணை ஒண்டும் பேசேல்ல, பிலிமை என்ர கையில தந்துபோட்டு உள்ளுக்குக் கூப்பிட்டு "அப்ப தேத்தண்ணி குடிப்பம்" எண்டார்.

குடிக்கேக்க அவர் சொன்ன ஒரு விசயம் எனக்குப் புதுசு. இரண்டாம் உலக யுத்தத்தில கப்பலில நல்ல தண்ணி கட்டுப்பாடு, அதால கடல் தண்ணியில படம் கழுவிப் பாத்தவை, ஹைப்போ நல்ல தண்ணியை விட வேகமாப் போனது. உப்புத்தான் அதை இழுத்துக்கொண்டு போகுது. பிறகு கடைசியா நல்ல தண்ணியில அலசோணும், இல்லாட்டி அந்த உப்பே வெள்ளிக்கு எமன். கழுவல் உதவிக் கரைசல் எண்டு கடையில வித்தது இதில இருந்துதான் வந்தது. எங்கட துறைமுகத்தில நிண்ட கப்பலிலயும் ஆரோ ஒரு வெள்ளைக்காரன் வாளியில கடல் தண்ணி அள்ளிப் படம் கழுவியிருப்பான் எண்டு நான் கற்பனை பண்ணிக்கொண்டு வந்தன்.

அந்த ஓடரை நிப்பாட்டினம். இரண்டாவது இடத்தில விலை கூட, டொலர் போற போக்கில சேருக்குக் கை நடுங்கினது, ஆனா சோதனை றிப்போட்டோட அனுப்பினவை. நெளியாத சுருளுகளை நேரடி நகல் சில்வர் பிலிமில கொப்பி எடுத்தவை, அதில நெகற்றிவில இருந்து நெகற்றிவே வரும், நடுவில ஒரு தலைமுறை மிச்சம். ஒவ்வொரு கொப்பிக்கும் கூர்மை கொஞ்சம் குறையும் எண்டபடியா அது பெரிய விசயம். நெளிஞ்சதை அழுத்திக் கொப்பி எடுக்க ஏலாது, அதுகளைப் பக்குவமா ஸ்கேன் பண்ணி, அந்த ஸ்கேனைத் திரும்பப் பிலிமில எழுதிற மெசினில போட்டு எடுத்தாச்சு. கூர்மை பாக்கிறதுக்குச் சுருளின்ர தொடக்கத்தில ஒரு சோதனைக் கட்டம் இருக்கும், சின்னச் சின்னக் கோட்டுக் கூட்டம், பக்கத்தில இலக்கம். நுணுக்குக்காட்டியில எந்த இலக்கம் வரை கோடு பிரிஞ்சு தெரியுது எண்டு பாத்து அதை எத்தினை மடங்கு சிறுப்பிச்சதோ அதால பெருக்கோணும். எங்கட பழைய சுருளில 8.0 தெரிஞ்சது, 14 மடங்கு, எண்டா மில்லிமீற்றருக்கு 112 கோடு. கொப்பியில ஒரு படி இறங்கினாப் பரவாயில்லை, ரெண்டு படி இறங்கினாத் திருப்பி அனுப்புவன் எண்டு முதலே எழுதிக் குடுத்தன். ரெண்டு சுருள் திரும்பிப் போனது.

அதுக்குப் பிறகு வைக்கிற இடம். இதில நான் செய்த பாவம் ஒண்டு இருக்கு, சொல்லிப்போடுறன். சுனாமி வந்த நேரம் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், கீழ்த்தட்டு டின் நாலைஞ்சுக்குள்ள தண்ணி போயிட்டுது. நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சு எல்லாத்தையும் முத்தத்துப் பாயில விரிச்சு வெயிலில காய விட்டன். காய்ஞ்சுது, காய்ஞ்சு சுத்துக்குச் சுத்து ஒட்டி ஒரே கட்டியாப் போச்சு. நனைஞ்ச பிலிமைக் காய விடவே கூடாது, சுத்தமான குளிர்ந்த தண்ணி வாளியில அப்பிடியே முக்கி வைச்சு, லாப்காரரிட்டக் குடுத்துத் திரும்பக் கழுவிக் காய வைக்கோணும். அப்ப ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. அந்தக் கட்டி ஒண்டு இப்பவும் என்ர லாச்சிக்குள்ள கிடக்கு.

சில்வர் பொலியெஸ்டருக்கு 21 பாகைக்கு மேல போகாமலும், ஈரப்பதம் 20க்கும் 50க்கும் நடுவிலயும் வேணும். இஞ்ச கச்சான் வீசேக்க (தமிழ்நாட்டு ஆக்களுக்கு: இது கடலை இல்லை, ஆடி ஆவணியில வீசிற சூட்டுக் காத்து) உதடு வெடிக்கும், வாடை தொடங்கினாச் சுவரெல்லாம் வேர்க்கும். ஏசி பூட்டினாச் சரி எண்டு சொல்லிச்சினம். நாலரைக்கு ஒபிஸ் பூட்டேக்க ஏசியையும் நிப்பாட்டினா, இரவிரவா அறை சூடாகி, ஈரம் ஏறி, காலமை திரும்பக் குளிர, அந்த ஏத்த இறக்கம் ஏசி இல்லாததை விட மோசம். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாடு இது. அதால புதுசா எடுத்த முதல் சில்வர் கொப்பி திருகோணமலையில இருக்கவே கூடாது எண்டு நான் ஒற்றைக் காலில நிண்டன். இருபத்திநாலு மணித்தியாலமும் குளிர் ஓடுற இடத்தில கொழும்பில வாடகைக்கு ஒரு தட்டு எடுத்து அங்க போயிட்டுது. இரண்டாவது சில்வர் கொப்பி இஞ்ச, மூடின டின்னுக்குள்ள, சிலிக்கா ஜெல்லோட. ஆக்கள் பாக்கிறதுக்கு, ஓம், டயசோதான், ஆனா வேற அறையில, சில்வரோட ஒரே அலுமாரிக்குள்ள அதை விடுறேல்ல.

பெட்டியிலயும் ஒரு பிரச்சினை வந்தது. சாதாரணக் காட்போட் பெட்டியில இருந்து வாற பெரொட்சைட்டுத்தான் பிலிமில செம்மஞ்சள் பொட்டுப் பொட்டா சின்னமுத்து மாதிரிப் போடுறது. அமிலமில்லாத, படத்தைக் கெடுக்குமோ எண்டு பாக்கிற சோதனை பாஸ் பண்ணின பெட்டி எண்டு கேக்கோணும், ஐஎஸ்ஓ 18916 எண்ட இலக்கம் சொன்னா விளங்கும் ஆக்களுக்கு விளங்கும். றப்பர் பான்ட் போடாதேங்கோ, அதிலயும் கந்தகம். எங்கட பியோன் தம்பி பாசத்தில எல்லாத்துக்கும் றப்பர் பான்ட் போட்டு அடுக்கி வைச்சிருந்தவன், ஒரு பின்னேரம் முழுக்க ரெண்டு பேருமா இருந்து கழட்டினம்.

இப்ப மிஞ்சி நிக்கிறது பழைய மணக்கிற டின்கள். எறியச் சொல்லிச்சினம். புதுசு ஒவ்வொண்டையும் படம் படமாச் சரிபாத்து முடியும்வரை எறிய ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், அதுக்கு இன்னும் ஒரு வருசம் போகும், அதுவரைக்கும் அமிலத்தை ஆறப்போடக் குளிர்தான் ஒரே வழி. அதால ஒரு பிரிட்ஜ் கேட்டு எழுதினன், ரெட்டைப் பையில போட்டு ஒட்டி வைக்க. பிரிட்ஜ் வந்திட்டுது, போன கிழமைதான். பூட்டும் போட்டுத் திறப்பு என்ர கையில. நேற்று மத்தியானம் அக்கா வந்து கதவில சாய்ஞ்சு நிண்டு, "தம்பி, மேல் தட்டில கொஞ்சம் இடம் கிடக்கும்தானே, தயிர்ச்சட்டி ஒண்டு வைக்கலாமோ" எண்டு கேட்டா.